ஆயா கொடுத்த வெள்ளி ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க



எஸ்ஐபி, பிபிஎஃப், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டிருக்கிற இடத்துல இன்னைக்கு பழைய நாணயம். பண விஷயத்துல நானே செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் தர்மபுரி பக்கத்துல அதியமான்கோட்டை. எங்க ஆயா சுருக்குப் பையில 8 வெள்ளி ரூபாய் வச்சிருந்தாங்க. ஸ்கூல் படிக்கும்போது ஒரு பொங்கல் சமயம், "கறுத்துப் போய் கிடக்கே"ன்னு புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கிட்டேன். ஆயாவுக்கும் ஒரே சந்தோஷம். வேலைக்குப் போன பிறகு பெங்களூர்ல ஒரு டீலர்கிட்ட காட்டினேன். லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "யார் தம்பி இதைத் தேய்ச்சது?" அதுக்கப்புறம் அவர் வெள்ளி விலையைத் தாண்டிப் பேசவே இல்ல.

கிரேடிங்னா என்ன?

ஒரு நாணயம் அசலா, எந்த நிலைமையில இருக்குன்னு ஒரு மூணாவது ஆள் பார்த்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில சீல் பண்ணித் தர்றதுதான் கிரேடிங். உலக அளவில் பெரிய பேர் என்ஜிசி, பிசிஜிஎஸ். ரெண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். மார்க் 1-லிருந்து 70 வரைக்கும். 1949-ல வில்லியம் ஷெல்டன் அமெரிக்க செப்புக் காசுகளுக்காக உருவாக்கின அளவுகோல் இது. 60-க்கு மேலன்னா புழக்கத்துக்கே போகாத காசு.

தேய்ச்ச காசுக்கு என்ன ஆகும்? அசல்னு ஒத்துக்குவாங்க, ஆனா மார்க் வராது. "டீடெய்ல்ஸ்", "கிளீன்டு"ன்னு உறை மேலேயே எழுதிடுவாங்க. எங்க ஊர் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கூரையில பழைய ஓவியங்கள் இருக்கு. அழுக்கா இருக்குன்னு அதை நார் வச்சுத் தேய்ப்போமா? காசும் அதே மாதிரிதான். புளி, எலுமிச்சை, விபூதி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

முதல் கேள்வி: இதை நாட்டை விட்டு அனுப்பலாமா?

இதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. 1972-ம் வருஷத்து தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, 100 வருஷம் ஆன நாணயம் ஒரு தொல்பொருள். அதை ஏற்றுமதி பண்ற உரிமை மத்திய அரசுக்கும் அது அனுமதிச்ச அமைப்புக்கும் மட்டும்தான். மீறினா குறைந்தபட்சம் 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, கூடவே அபராதம். "விக்க இல்லைங்க, கிரேடிங்குக்குத்தான் அனுப்பினேன்"ங்கிற பதில் உங்களைக் காப்பாத்தும்னு நம்பாதீங்க.

கணக்கு சிம்பிள். இந்த வருஷத்துல இருந்து 100-ஐக் கழிங்க. காசுல இருக்கிற வருஷம் அதுவோ அதுக்கு முன்னாடியோன்னா, வெளிநாட்டுக்கு அனுப்புற பேச்சே வேண்டாம். ரெண்டு உதாரணம்:

1911 ரூபாய்: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட அங்கியில இருக்கிற யானை பன்றி மாதிரி தெரியுதுன்னு சர்ச்சையாகி வாபஸ் வாங்கின காசு. 100 வருஷம் தாண்டிடுச்சு, போகக் கூடாது.

1939 ரூபாய்: ரொம்ப அரிதான காசு, அதனாலேயே போலியும் நிறைய. 100 வருஷம் ஆகல. கிரேடிங் உண்மையிலேயே உதவுறது இந்த மாதிரி காசுக்குத்தான்.

பழைய காசை வீட்டுல வச்சிருக்கிறது தப்பில்ல. அசலான்னு தெரிஞ்சுக்க மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி நாணயவியல் அமைப்புகள்ல இருக்கிற விவரம் தெரிஞ்சவங்ககிட்ட நேர்ல காட்டுங்க. ஆனா வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுல கிடைச்ச காசு வேற கதை. 1878-ம் வருஷத்து புதையல் சட்டப்படி மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். கோட்டை இருந்த ஊர்க்காரங்க நாம, இதை ஞாபகம் வச்சுக்கணும்.

ரெண்டாவது கேள்வி: செலவுக்குத் தகுந்த வரவு இருக்கா?

1862-லிருந்து 1939 வரைக்கும் வந்த வெள்ளி ரூபாயோட எடை 11.66 கிராம், அதுல 91.7% வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. இன்னைக்கு வெள்ளி விலையால பெருக்குங்க. அதுதான் உங்க காசோட அடிமட்ட மதிப்பு.

ஒரு பேச்சுக்கு, உங்க காசு 2,000 ரூபாய்க்குப் போகும்னு வைங்க. கிரேடிங் கட்டணம், டீலர் கமிஷன், போக வர ஷிப்பிங், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5,000 ஆகுதுன்னா, கிரேடிங்குக்குப் பிறகு 7,000-க்கு மேல வித்தாதான் லாபம். சாதாரண வருஷத்துக் காசுக்கு அது நடக்காது. நல்ல ஃப்ளிப் ஒண்ணுல போட்டு வீட்டுலயே வச்சிருங்க, ஆயா ஞாபகமா இருக்கட்டும்.

அனுப்புறதுன்னு முடிவு பண்ணிட்டா

1. பிடிக்கிற விதம்: மேஜை மேல மெத்துன்னு ஒரு துண்டு விரிச்சுக்கோங்க. விளிம்பை மட்டும் ரெண்டு விரலால பிடிங்க. காசுக்கு மேல குனிஞ்சு பேசாதீங்க, எச்சில் துளி பட்டா அப்புறம் புள்ளியா மாறும்.

2. பதிவு: ரெண்டு பக்கமும் விளிம்பும் தெளிவா போட்டோ எடுங்க. எடையைக் குறிச்சு வைங்க. திரும்பி வர்றது உங்க காசுதானான்னு சொல்ல இதுதான் ஆதாரம்.

3. உறை: ஒரு காசுக்கு ஒரு மைலார் ஃப்ளிப். வளையுற பிவிசி கவர் வேண்டவே வேண்டாம், நாள் போகப் போக பச்சையா பிசுபிசுன்னு காசுல ஒட்டும். ஸ்டேப்ளர் அடிச்ச அட்டையும் வேண்டாம், பிரிக்கும்போது பின் கீறிடும்.

4. அடுக்குறது: ஃப்ளிப்புகளை ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு, அட்டை மேல டேப் போடுங்க. ரப்பர் பேண்டுல கந்தகம் இருக்கு, வெள்ளியைக் கறுக்க வைக்கும். நியூஸ்பேப்பரும் வேண்டாம்.

5. பெட்டிக்குள்ள பெட்டி: சின்னப் பெட்டி, சுத்தி பபுள் ரேப், அப்புறம் பெரிய பெட்டி. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. சத்தம் கேட்டா திரும்பப் பிரிச்சுக் கட்டுங்க. காசு, ஃபார்ம், பேக்கிங், சீல் எல்லாத்தையும் ஒரே வீடியோவா எடுத்து வைங்க.

6. வெளியே என்ன எழுதுறது: பெட்டி மேல "காயின்", "சில்வர்"னு எழுதி விளம்பரம் பண்ணாதீங்க. ஆனா இன்சூரன்ஸ், கஸ்டம்ஸ் ஃபார்ம்ல உண்மையை மட்டும் எழுதுங்க. மதிப்பைக் குறைச்சுக் காட்டினா, தொலைஞ்சு போனா கிடைக்கிறதும் அந்தக் குறைஞ்ச தொகைதான்.

7. இன்சூரன்ஸ்: பல கூரியர்கள் நாணயத்தை அனுப்பக் கூடாத பொருள் பட்டியல்ல வச்சிருக்காங்க. அதுல மறைச்சு அனுப்பினா கிளெய்ம் கிடைக்காது. தபால் ஆபீஸ்னா கவுன்ட்டர்லயே, "உள்ள நாணயம், இவ்வளவு மதிப்பு, இன்சூர் பண்ண முடியுமா?"ன்னு கேட்டு, ரசீதைப் பத்திரமா வைங்க.

என் சாய்ஸ் என்னன்னா, நேர்ல கொண்டு போறது. அமெரிக்க நிறுவனங்களுக்குச் சேர்த்து அனுப்புற டீலர்கள் நம்ம நாட்டுலயே இருக்காங்க. அவங்க அங்கீகாரம் பெற்றவங்களான்னு நிறுவனத்தோட இணையதளத்துலயே பாருங்க. தர்மபுரியில இருந்து பெங்களூர் பஸ் டிக்கெட்டை விட மலிவான இன்சூரன்ஸ் எதுவும் இல்ல! கொடுக்கும்போது ஒவ்வொரு காசுக்கும் தனி வரி போட்டு ரசீது வாங்குங்க. ஏற்றுமதி பேப்பரோட நகலும் கேளுங்க. திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல அது நம்ம காசுதான்னு காட்ட அது வேணும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை

"உங்க பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தா பிளாக் பண்ணிடுங்க. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விக்கிற வேலையில நாங்க இல்ல, கமிஷனும் கேட்க மாட்டோம்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே அறிவிச்சிருக்கு.

ஆயாவோட 8 ரூபாயை நான் விக்கல. ஆளுக்கொரு ஃப்ளிப் போட்டு பீரோவுல இருக்கு. இப்பவும் பளபளன்னுதான் இருக்கு, பார்க்கும்போதெல்லாம் கை கூசுது. உங்க வீட்டுச் சுருக்குப் பையில ஏதாவது இருந்தா, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒண்ணே ஒண்ணு செய்ங்க: தேய்க்க வேண்டாம்னு வீட்டுல சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்.