'டிக்' என்ற சத்தம் செய்யும் வேலை

கரண்ட் போனவுடன் உங்கள் யுபிஎஸ்ஸில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டாரைப் போடும்போது அதே சத்தம் 'டப்' என்று பலமாகக் கேட்கும். முதலாவது ரிலே. இரண்டாவது அதன் அண்ணனான கான்டாக்டர். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

எப்படி இயங்குகிறது?

ரிலேயின் உள்ளே இரும்புத் துண்டின் மீது செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். இதைக் காயில் என்பார்கள். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி, எதிரே உள்ள தகட்டை இழுக்கும். கான்டாக்ட் முனைகள் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்திற்குத் தள்ளிவிடும். பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்வதென்றால், இது மின்சாரத்தையே சாவியாகக் கொண்ட பூட்டு!

12 வோல்ட், 400 ஓம் காயிலுக்கு 30 மில்லி ஆம்பியர் போதும். அதாவது 0.36 வாட். இதை வைத்து 230 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதாவது 2300 வாட் வரை கட்டுப்படுத்தலாம்.

டிசியில் கவனம்

ரிலேயின் மேல் '10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி' என்று அச்சிட்டிருப்பார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? முனைகள் பிரியும்போது தீப்பொறி எழும். நம் 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அப்படி இல்லை. எனவே சோலார் பேனல் இணைப்பில் ஏசி ரிலேயைப் போட்டால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம்.

மோட்டார் எரிவது ஏன்?

ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் காயில் விடுபட்டு மோட்டார் நின்றுவிடும். மீண்டும் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பொதுவாகக் காயில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில்தான் இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது ஃபேஸ் மட்டும் போனால் கான்டாக்டர் விடாது. மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடிச் சூடாகி எரிந்துவிடும். இதற்காகத்தான் ஓவர்லோட் ரிலேயும், சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும். ஓவர்லோட் அளவை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று கூட்டி வைக்காதீர்கள். பட்டனில் குச்சியைச் செருகவும் கூடாது. ரீவைண்டிங் செலவு மிச்சம்!