மில் ஓய்ந்த மண்

வட சென்னையின் பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்புப் பெரியவர்களுக்கு அது பி அண்ட் சி மில்; மற்றவர்களுக்குப் பின்னி மில். பக்கிங்காம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கி, 1920-ல் ஒன்றாயின. சாயம் போகாத காக்கிக்குப் பேர்போன மில். சிப்பாயும் போலீஸ்காரரும் உடுத்திய துணி பெரம்பூர்ப் பக்கத்துத் தறியில் நெய்தது.

அன்று சுமார் பத்தாயிரம் பேருக்கு அங்கே வேலை. சங்கு ஊதினால் தெருவே கிளம்பும். டீக்கடை, மளிகைக்கடைக் கடன், கல்யாணத் தேதி எல்லாம் சம்பள நாளைப் பார்த்துத்தான். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இவர்களுக்காகத்தான். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு உடன் நின்றார்கள். முதலில் எழுந்த குறைகளில் ஒன்று சாப்பாட்டு நேரம். அரை மணிக்குள் வெளியே வந்து, சாப்பிட்டு, மறுபடி உள்ளே ஓட வேண்டும். பெரிய சித்தாந்தம் எதுவும் இல்லை. சோற்றை நிதானமாக மெல்ல விடுங்கள் என்பதுதான்.

1921 வேலைநிறுத்தம் வேறு கதை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போக, போராட்டம் புளியந்தோப்பில் சாதி மோதலாகத் திரும்பியது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. வட சென்னையின் சங்கப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

1996-ல் மில் மூடப்பட்டது. ரயில்வே பணிமனைகளும் ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் இருந்ததால் பெரம்பூர் தாக்குப்பிடித்தது. பட்டாளத்துக்கு அந்த ஆதரவு குறைவு. தறி ஓட்டிய கைகள் ஆட்டோ ஓட்டின, வாட்ச்மேன் வேலைக்குப் போயின. காலியான மில் கொட்டகைகளில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். வட சென்னை என்றால் ரவுடி என்று திரையில் காட்டியதற்கும் இந்த இடிந்த சுவர்கள்தான் பின்னணி. ஊர் வேலை இழந்ததைப் பற்றி அந்தப் படங்கள் அவ்வளவாகப் பேசவில்லை.

இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. நீச்சல் குளம், ஜிம், வாசலில் செக்யூரிட்டி. பகுதி முன்னேறிவிட்டது என்கிறார்கள். என் கணக்கில் முன்னேறியது நிலத்தின் விலை. மில் இருந்தபோதும் மதில் இருந்தது. ஆனால் அதற்குள் தினமும் போய்வந்தவர்கள் இந்தத் தெருக்காரர்கள். இப்போதைய மதிலுக்குள் அவர்களில் பெரும்பாலோர் வேலைக்காரராகத்தான் நுழைய முடியும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் மூன்றுக்கும் சுரங்க நிலையம் வருகிறது. இந்தப் பகுதிக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும். ரயில் வந்தால் வேலைக்குப் போவது சுலபம், வாடகையும் ஏறும். ஒற்றை அறையில் நான்கைந்து பேராக இருக்கும் குடும்பங்கள் மாதவரம், புழல் என்று தள்ளிப் போகாமல் இங்கேயே இருக்க என்ன ஏற்பாடு என்று வார்டு கவுன்சிலரிடம் இப்போதே கேட்பது நல்லது.