ஒரு கோடு குறைந்தால்...

பெயர்த் தொல்லை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் தகப்பனார் இனிஷியல். ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜப்பானியப் பெண்களின் கதையைக் கேளுங்கள். நம்முடையது எவ்வளவோ தேவலை என்பீர்கள்!

அந்த நாட்டில் 'கோசெகி' என்று ஒரு குடும்பப் பதிவேடு உண்டு. 1872-ல் ஆரம்பமானது. பிறப்பு, விவாகம், சுவீகாரம், மரணம் எல்லாம் குடும்பம் குடும்பமாக அதில் ஏறும். பெண்ணுக்குக் கல்யாணமானால் பெற்றோர் ஏட்டிலிருந்து அவள் பெயர் நீங்கிவிடும். தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். யாருடையதாகவும் இருக்கலாமாம், ஆனால் 100-க்கு 90-க்கு மேல் விட்டுக்கொடுப்பது மனைவிதான். அங்கேயும் அப்படித்தான்!

இந்த ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 1994-ல் சட்டம் வந்தது. அப்போதுதான் சங்கடம் தெரிந்தது. 'வதனபே' என்ற சாதாரணப் பெயரின் கடைசி எழுத்தையே, கோடு ஏறியும் குறைந்தும், எத்தனையோ விதமாக எழுதி வைத்திருந்தார்கள். கோசெகிக்கென்று தொகுத்த எழுத்துக்களே ஏறத்தாழ 56,000! 'இது பிழையான எழுத்து, திருத்தப் போகிறோம்' என்று ஊர்க் காரியாலயங்கள் தகவல் அனுப்பின. தாத்தா காலத்து எழுத்தை விடமாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? வற்புறுத்தவில்லை. அவர்களுடைய ஏட்டை மட்டும் காகிதத்திலேயே விட்டுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பென்ஷன் இலாகாவில் அத்தனை பொறுமை இல்லை. பழைய பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பெயர்களை ஒலியெழுத்துக்கு மாற்றினார்கள். எழுத்து ஒன்றே, அதை 'யூகோ' என்றும் வாசிக்கலாம், 'ஹிரோகோ' என்றும் வாசிக்கலாம். தவறாக வாசித்தால் ஹிரோகோ அம்மாளின் பணம் யாரோ ஒரு யூகோவின் பேரில் நிற்கும். கன்னிப் பருவத்தில் உத்தியோகம் பார்த்துக் கட்டிய சந்தாவோ பிறந்த வீட்டுப் பெயரில் கிடக்கும். 2007-ல் விஷயம் வெடித்தபோது, உரியவர் இன்னாரென்று தெரியாத கணக்குகள் சுமார் 5 கோடி! அவ்வருஷம் மேல்சபைத் தேர்தலில் ஆளும் கட்சி அடிவாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், பெயரை எப்படி உச்சரிப்பது என்று கோசெகியிலும் எழுதும் வழக்கமில்லை. 2025 மே 26 முதல்தான் அதையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதிகாரிகள் தாங்களாக முடிவு செய்துவிடாமல், 'உங்கள் பெயரை இப்படி வாசிப்பது சரிதானா?' என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பிழையிருந்தால் தெரிவிக்க ஒரு வருஷத் தவணை.

2020-ல், மிகுராஜிமா என்னும் சின்னத் தீவுக் கிராமத்தோடு, எல்லா ஊர்களும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. 2024 மார்ச் முதல், புக்ககம் எங்கிருந்தாலும், பெற்றோருடைய ஏட்டின் நகலைப் பெண் தன் ஊர்க் காரியாலயத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் எழுத்தை விடமாட்டோம் என்று காகிதத்தோடு நின்ற குடும்பங்களுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. அவர்கள் இன்னமும் சொந்த ஊருக்குத்தான் எழுதிப் போட வேண்டும்.