பரணில் கிடக்கும் ஸ்பெக்ட்ரமும் ஒரு ஸி-60 காஸெட்டும்

நம் சங்கத்து அன்பர்களில் குறைந்தது நாலைந்து பேர் வீட்டுப் பரணில் ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் பிள்ளைகளுக்காக வாங்கியது. பிள்ளைகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் நாக்பூரிலேயே தங்கிவிட்டது. இப்போது விடுமுறைக்கு வரும் பேரன், பேத்திகள் அதைக் கீழே இறக்கி, "தாத்தா, இது ஓடுமா?" என்கிறார்கள். பெரும்பாலும் ஓடும். ஆனால் விளையாட்டை எதிலிருந்து ஏற்றுவது என்ற கேள்வி அடுத்த நிமிடமே வந்துவிடும். சென்ற ஒரு வருடத்தில் மூன்று வீடுகளுக்குப் போய் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். நாலாவது வீட்டுக்கும் மாடியேறுவதைவிட எழுதிவிடுவது முழங்காலுக்கு நல்லது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்பெக்ட்ரம் 1982-இல் இங்கிலாந்தில் ஸிங்க்ளேர் கம்பெனி வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். ஸெட்-80 சிப், 48 கே நினைவகம், திரைக்கு வீட்டு டி.வி. இரண்டு வருடம் கழித்து நல்ல விசைப்பலகையோடு ஸ்பெக்ட்ரம் பிளஸ் வந்தது. அதையே உரிமம் பெற்று 1986-இல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி நம் நாட்டில் விற்றது. நான் 1988-இல் வாங்கியது அதுதான். என் இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே தேவையில்லை.

இந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் போச்சு. சேமிப்பதும் ஏற்றுவதும் சாதாரண டேப் ரிக்கார்டரில்தான். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தண்டவாளத்தில் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணை ஓடவிட்டு, வண்டி நிற்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் டிராக் சர்க்யூட்டுகளோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். இதுவும் அதே ஜாதி. ஒரு பூஜ்யத்துக்கு சுமார் 2,000 ஹெர்ட்ஸில் ஓர் அலை. ஒன்றுக்கு சுமார் 1,000 ஹெர்ட்ஸில் ஓர் அலை. முன்னால் சில விநாடி 800 ஹெர்ட்ஸில் ஒரே சீரான 'பீ...' என்ற ஓசை. 'தயாராக இரு, வண்டி வருகிறது' என்று அதற்குப் பொருள். அப்போது திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த கோடுகள் ஓடும். விஷயம் வர ஆரம்பித்ததும் மஞ்சளும் நீலமுமாக மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்தே டேப் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

ஒரு திரைப்படம், அதாவது 6,912 பைட், ஏற சுமார் 40 விநாடி. 48 கே முழுவதும் ஏற ஐந்து நிமிடம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சரிபார்க்க ஒரே ஒரு பைட் இருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்ற வாசகம் வரும். நாலே முக்கால் நிமிடம் காத்திருந்த பிறகு இந்த வாசகத்தைப் பார்த்த குழந்தையின் முகத்தை அந்தக் காலத்து அப்பாக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்?

அந்தக் காலத்திலேயே வந்த மாற்று வழிகளை முதலில் தள்ளிவிடுகிறேன். 1983-இல் ஸிங்க்ளேர் கம்பெனி மைக்ரோடிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய பெட்டிக்குள் சுமார் ஐந்து மீட்டர் நாடா, முடிவில்லாத வளையமாக ஓடும். 85 கே கொள்ளும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் நாடா நீண்டுவிடும், உள்ளே இருக்கும் பஞ்சு உதிரும். இன்று அதைத் தேடி வாங்குவது சேகரிப்பவர்களுக்குச் சரி, குழந்தைகளுக்குச் சரிவராது. 1987-இல் வந்த பிளஸ் 3 மாடலில் மூன்று அங்குல டிஸ்க் இருந்தது. நம்மிடம் இருப்பது அந்த மாடல் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பழைய டேப் ரிக்கார்டரையே பயன்படுத்துவது முதல் வழி. அதில் ரப்பர் பெல்ட் மெழுகு மாதிரி உருகியிருக்கும். சீதாபர்டியில் இன்னும் டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் போட்டுத் தருவார்கள். தலையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஆனால் நாடா? நம் ஊர் மே மாதத்தில் 45 டிகிரி, ஆகஸ்டில் ஈரம். முப்பது வருடம் தகரக் கூரைக்கடியில் இருந்த நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் பழுப்புத் தூளை உதிர்த்துவிட்டுத்தான் நிற்கும். இது முக்கியம். பின்னால் மறுபடி சொல்கிறேன்.

இரண்டாவது வழி செலவில்லாதது: கைபேசி. விளையாட்டின் ஒலியைக் கோப்பாக வைத்து, இயர்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் 'இயர்' துளைக்கு ஒரு வயர். கைபேசியில் ஒலியை முழுவதும் ஏற்ற வேண்டும்; சில கைபேசிகளில் அதுவும் போதாமல் சின்ன ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருக்கும். ஏற்றும்போது யாராவது வாட்ஸ்அப்பில் 'குட் மார்னிங்' அனுப்பினால் 'டிங்' என்ற ஓசையும் கம்ப்யூட்டருக்குள் போகும். ஐந்து நிமிடம் வீண். ஆகவே விமானப் பயண நிலையில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இப்போது வரும் பல கைபேசிகளில் இயர்போன் துளையே இல்லை என்பது வேறு விஷயம்.

இதன் தம்பிதான் டி.இஸட்.எக்ஸ். டுயினோ என்ற சிறு கருவி. அர்டுயினோ என்ற கட்டைவிரல் அளவுப் பலகை, ஓர் எஸ்.டி. கார்டு, இரண்டு வரித் திரை, நாலைந்து பொத்தான். விளையாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால் டேப் மாதிரியே கூவும். கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது. கோடுகள் ஓடும், ஐந்து நிமிடமும் ஆகும். சால்டரிங் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நான் செய்தேன். ஆனால் இது பாடத்தான் செய்யும், கேட்காது. நீங்கள் கம்ப்யூட்டரில் எழுதியதை இதில் சேமிக்க முடியாது.

சேமிக்கவும் வேண்டும், காத்திருக்கவும் பொறுமையில்லை என்றால் டிவ்-எம்.எம்.ஸி. என்ற அட்டை. இது ஸ்பெக்ட்ரமின் பின்பக்க விளிம்பில் சொருகுவது. எஸ்.டி. கார்டிலிருந்து நேரே நினைவகத்துக்குப் போகும். ஐந்து நிமிட விளையாட்டு கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அட்டையில் உள்ள பொத்தானை அமுக்கினால் கார்டில் இருக்கும் பட்டியல் திரையில் வரும். விளையாட்டு நடுவே நிறுத்தி, அந்த நிமிட நினைவகத்தை அப்படியே படம்பிடித்து வைக்கலாம். அப்படி ஒரு கோப்பு 49,179 பைட்: நினைவகம் 49,152, சிப்பின் உள் நிலவரத்துக்கு 27. நம் பேரன்கள் இதைத்தான் கேட்பார்கள். 'மேனிக் மைனர்' விளையாட்டின் இருபது குகைகளையும் மூன்று உயிரில் தாண்டும் பொறுமை அவர்களுக்கு எங்கே?

இந்த அட்டை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரம் இருக்கும்போது அதைச் சொருகவோ கழற்றவோ கூடாது. பின்பக்க விளிம்பில் 9 வோல்ட்டும் 5 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு பல் நகர்ந்தாலும் நினைவக சிப்புகள் போகும். ரயில்வேயில் பிளாக் எடுக்காமல் யாரும் பாயிண்டில் கை வைப்பதில்லை. அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். இன்னொன்று: ஸ்பெக்ட்ரமின் அடாப்டரில் நடுமுனை நெகடிவ். இன்று கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுமுனை பாஸிடிவ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொருக வேண்டாம்.

கேட்டவர்கள் எல்லோருக்கும் விளையாட்டுக்கு டிவ்-எம்.எம்.ஸி.தான் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்று வீட்டிலும் அதற்கு முன்னால் நான் கேட்ட கேள்வி வேறு: "பழைய காஸெட்டுகள் எங்கே?" இரண்டு வீட்டில் குப்பைக்குப் போகத் தயாராக ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்கள். விளையாட்டுகளை ஏற்கெனவே உலகமெல்லாம் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் காஸெட் போனாலும் 'மேனிக் மைனர்' எங்கும் போகாது. ஆனால் உங்கள் மகன் பதிமூன்று வயதில் எழுதிய புரோகிராமுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. 1991-இல் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். வகுப்பு நடத்திய பெரியவரைக் குழந்தைகள் எல்லோரும் தமிழ் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியிலும் ஹிந்தியிலும் எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு தமிழ் எழுத்தை டி.வி. திரையில் காட்டினால் ஆசையாகப் படிப்பார்கள் என்பது அவர் யோசனை. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்குத்தான் இடம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று எடுத்தாலே முப்பது. இருக்கிற ஆங்கில எழுத்துத் தொகுதியையே தூக்கிவிட்டு, 23606 என்ற முகவரியில் வேறு எண்ணைப் போட்டு, நம் தொகுதியை வைத்தால் 96 கிடைக்கும். அப்படி மூன்று தொகுதிகள் செய்தோம். ஒவ்வொன்றும் 768 பைட்.

எழுத்துகளைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தது தமிழ் மாமா. எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் 'ட', 'ப' எல்லாம் அழகாக அடங்கின. 'ண' அடங்கவில்லை. இரண்டு சுழியோடு விட்டுவிடலாமே என்றேன். "மூணு சுழி தெரியலேன்னா அதைக் குழந்தைக்கு எதுக்குப்பா காட்டணும்?" என்றார். இரண்டு கட்டம் அகலமாக வரைந்தோம். கு, சு, டு ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம்தான் வேண்டும் என்றும் பிடிவாதம். அதனால்தான் தொகுதி மூன்றாயிற்று. அவர் இன்று இல்லை. அந்தக் காகிதங்களும் வீடு மாறும்போது போய்விட்டன. மிஞ்சியது 'தமிழ் வகுப்பு' என்று அவர் கையால் எழுதிய ஒரு ஸி-60 காஸெட்.

அதை நான் ஸ்பெக்ட்ரமில் போடவே இல்லை. முதலில் வேறு உதவாத காஸெட்டில் ரிக்கார்டரைச் சோதித்து, தலையைத் துடைத்து, பிறகு அதை ஒரே முறை ஓடவிட்டு, இன்றைய கம்ப்யூட்டரில் விநாடிக்கு 44,100 மாதிரி வீதம் ஒலியாகப் பதிந்துகொண்டேன். ஓடும்போதே தலையின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஓசை எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பதிந்த ரிக்கார்டரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுதான் அந்தக் காஸெட்டுக்குச் சரி. ஸ்க்ரூவின் பழைய நிலையை மையால் குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. இந்த ஸ்க்ரூவைச் சரிசெய்ய ஆரம்பத்தின் சீரான 'பீ' ஓசையே போதும்.

ஒலியாகப் பதிந்தபின் அவசரமே இல்லை. அதை டேப் கோப்பாக மாற்றித் தரும் புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பேஸிக் பகுதி சரியாக வந்தது. எழுத்துகள் இருக்கும் பகுதியில் நடுவே அரை விநாடி ஒலியே இல்லை. அங்கே நாடாவின் பூச்சு உதிர்ந்திருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எதையும் இரண்டு தடவை சேமிப்பது வழக்கம். அதே பக்கத்தில் பின்னால் இரண்டாவது பிரதி இருந்தது. அதில் சரிபார்ப்பு பைட் ஒத்துப்போயிற்று. கோப்பை எஸ்.டி. கார்டில் போட்டு, டிவ்-எம்.எம்.ஸி. பொத்தானை அமுக்கியதும் மூன்று சுழி 'ண' திரையில் வந்தது. வயது நாற்பதைத் தாண்டிய என் மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "அப்பா, 'ழ' வந்தா ஒரு சத்தம் வருமே, அது வரதா?" என்றாள். வந்தது.

ஆகவே அன்பர்களே, அட்டை வாங்க ஆர்டர் கொடுத்துவிட்டு அது வரும்வரை காஸெட்டுகளைப் பாருங்கள். கையால் பெயர் எழுதியதெல்லாம் தனியே, கடையில் வாங்கியது தனியே. கையால் எழுதியவற்றை நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். காஸெட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் தவறி யாரும் மேலே பதிய முடியாது. பெல்ட் மாற்றிய ரிக்கார்டரும் வயர்களும் என்னிடம் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். ஸ்பெக்ட்ரமையும் கொண்டுவருகிறவர்கள் அதன் அடாப்டரையும் எடுத்து வாருங்கள், மீட்டர் என்னிடம் உண்டு.