ஸஹர் நேரமும் மைக்ரோவேவ் அடுப்பும்



வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புவோர் கொண்டுவருவதும், இங்கேயே தவணையில் வாங்குவதுமாக மைக்ரோவேவ் அடுப்பு நம் மலை வீடுகளுக்கும் வந்துவிட்டது. கொல்லிமலைக் குளிரில் ஸஹர் உணவைச் சூடாக்க அது பெரிய உதவிதான். ஆனால், தீ தெரியவில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தீக்காயம் பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டிய நமக்கு, முன்னெச்சரிக்கையே முதல் மருந்து.

இந்த அடுப்பிலிருந்து வரும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீரை அசைத்துச் சூடாக்குகின்றன. கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும். உணவில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. எனவே அந்தப் பயம் தேவையில்லை. கதவு வளைந்தோ, கொக்கி உடைந்தோ, சரியாக மூடாமலோ இருந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே வீட்டில் யாரும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு அடுப்பாக இருந்தால் பின்புறத் தகட்டைப் படியுங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தகட்டில் 60 மட்டும் இருந்தால் இங்கே ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் அளவுக்கு மீறிச் சூடாகலாம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். இடி மின்னல் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சமையலில் கவனிக்க வேண்டியவை:

• எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள், ஜரிகைக் கரை போட்ட பீங்கான் ஆகியவற்றை வைக்கக் கூடாது. வலீமா பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளையும் பிரித்துவிடுங்கள், தீப்பொறி பறக்கும். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறித்த கண்ணாடி, பீங்கான் பாத்திரமே நல்லது.

• ஓட்டோடு முட்டையை வைத்தால் வெடிக்கும். மூடியை இறுக்கி மூடாதீர்கள்.

• நம் மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் வழவழப்பான கோப்பையில் அந்தச் சூட்டைத் தாண்டியும் குமிழியிடாமல் நிற்கலாம். தேயிலையோ சர்க்கரையோ போட்டதும் பொங்கி முகத்தில் தெறிக்கும். வெளியே எடுக்கும் முன் அரை நிமிடம் விட்டுவிடுங்கள்.

• குழந்தையின் பால்புட்டியை இதில் சூடாக்காதீர்கள். புட்டி ஆறியதுபோல் இருக்கும், நடுவில் பால் கொதித்திருக்கும். வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதே பாதுகாப்பு.

• நோன்புக் கஞ்சியோ குழம்போ, பாதி நேரத்தில் எடுத்துக் கிளறி, ஆவி பறக்கும்வரை மறுபடியும் சூடாக்குங்கள். இரவு முழுதும் வெளியே கிடந்த சோற்றை மட்டும் இதை நம்பிச் சாப்பிட வேண்டாம்; அதில் கிருமி உண்டாக்கும் ஒருவகை நஞ்சு சூட்டில் அழியாது.

• உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணையுங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, இங்க் எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108-க்கு அழையுங்கள்.

ரமலானில் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்குப் போவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.