எண்பத்தேழில் ஒரு பங்கு மணவூர்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் வண்டி கடம்பத்தூர், செஞ்சி பானம்பாக்கம் தாண்டி மணவூரில் நிற்கும். அடுத்த நிலையம் திருவாலங்காடு. தொலைதூர விரைவு வண்டிகள் மணவூரில் வேகம் குறைக்காமல் கடந்துபோகும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போனது இந்த வழியில்தான். மாதிரி ரயில் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலைத்தான் நினைக்கிறார்கள். நான் மணவூரைச் சொல்வேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

உலகில் மிக அதிகமாகப் புழங்கும் மாதிரி ரயில் அளவு எச்.ஓ. அசலில் 87-இல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய வழக்கமான பயணிகள் பெட்டி ஒன்று 22 மீட்டருக்குச் சற்று மேல். எச்.ஓ.வில் அது 25 சென்டிமீட்டர் சொச்சம். 22 பெட்டிகளை இஞ்சினோடு கோத்தால் ஆறு மீட்டரை நெருங்கும். சாதாரண வீட்டு அறையில் அது அடங்காது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ 69 கிலோமீட்டர். அதைச் சுருக்கினாலும் 790 மீட்டர் தண்டவாளம் தேவைப்படும். ஆனால் 12 பெட்டிப் புறநகர் வண்டி நிற்கும் பிளாட்பாரம் மூன்று மீட்டரில் முடிந்துவிடும். ஒரு சுவரோரம் போதும். சிறிய நிலையத்தை முழுசாக, எதையும் வெட்டாமல் வைக்கலாம். பெரிய நிலையத்தில் எதை விடுவது என்பதிலேயே பாதி வேலை போய்விடும்.

வளைவுதான் அடுத்த தலைவலி. நம் அகலப் பாதையில் 175 மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைவு போடுவதில்லை. எச்.ஓ.வில் அது இரண்டு மீட்டர் ஆரம். ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வர நான்கு மீட்டர் அகலம் வேண்டும். கடையில் கிடைக்கும் வளைவுத் தண்டவாளங்களோ 36 முதல் 44 சென்டிமீட்டர் ஆரம் கொண்டவை. நீளமான பெட்டிகள் அதில் திரும்பும்போது நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும், முனைகள் வெளியே துருத்தும். அனுபவசாலிகள் அந்த வளைவுகளைத் தோப்புக்கும் மேட்டுக்கும் பின்னால் மறைத்துவிட்டு, நேர்ப்பகுதியை மட்டும் கண்முன் வைப்பார்கள்.

தண்டவாள அகலத்தில் இந்தியர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்து வந்தது. நம் அகலப் பாதை 1676. வகுத்தால் 19.3 வரும். ஆகவே பெட்டியின் உடல் சரியான அளவில் இருந்தாலும் சக்கரங்கள் மூன்று மில்லிமீட்டர் நெருங்கி நிற்கும். பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தும். சிலர் 19 மில்லிமீட்டரில் தண்டவாளத்தைத் தாங்களே கையால் போடுகிறார்கள். அவர்களுடைய பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். தொடங்குகிறவர்கள் உறுத்தலைப் பொறுத்துக்கொள்வது நல்லது. பிரிட்டன்காரர்களும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அசல் இஞ்சின்கள் சிறியவை. எச்.ஓ.வுக்குச் சுருக்கியபோது அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். ஹார்ன்பி 1938-இல் கொண்டுவந்த டப்ளோ ரயில்கள் இந்த அளவில் வந்தவை. இன்றும் அங்கே இதுதான் வழக்கம்.

நீலகிரி மலை ரயிலைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது மீட்டர் பாதை. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளமும், நடுவே பல்சட்டமும் ஐரோப்பியச் சந்தையில் இருக்கின்றன. ஊட்டி ரயிலின் பழைய இஞ்சின்களே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை என்பதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது.

எடை இன்னொரு விதமாகச் சுருங்கும். அரக்கோணம் வழியாக ஓடும் டபிள்யூ.ஏ.பி.-7 மின் இஞ்சின் 123 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் எடை ஆறரை லட்சம் மடங்கு குறைந்து, 187 கிராமுக்கு வந்துவிடும். அவ்வளவு லேசான இஞ்சினின் சக்கரம் சறுக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனம் கூட்டுகிறார்கள்.

மின்சாரம் வருவது தண்டவாளம் வழியாக. இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் மறு முனை, நடுவே 12 வோல்ட் நேர்மின்சாரம். சக்கரங்கள் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். இந்த முறையில் ஒரே பாதையில் இரண்டு இஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். 1990-களில் பரவிய டி.சி.சி. என்ற எண்முறைக் கட்டுப்பாடு இதைத் தீர்த்தது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதே மின்சாரத்தில் கட்டளைகளும் ஓடும். ஒவ்வோர் இஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் அது ஏற்கும். எந்த முறையானாலும், பாதை வளைந்து தன்மேலேயே திரும்பிச் சேருமிடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்தத் துண்டைத் தனியாகப் பிரித்து வயர் போட வேண்டும்.

நம் ஊர்த் தூசு இந்தப் பொழுதுபோக்கின் முதல் எதிரி. தண்டவாளத்தில் மெல்லிய அழுக்குப் படிந்தாலே வண்டி விக்கி விக்கிப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வாங்கும்போதே நிக்கல் சில்வர் தண்டவாளமாக வாங்குங்கள், இரும்பு துருப்பிடிக்கும்.

மணவூரின் தோற்றத்துக்கு வேண்டிய பெரும்பாலான பொருள்கள் உள்ளூரிலேயே கிடைக்கும். பிளைவுட் பலகை, மேட்டுக்குத் தெர்மாகோல், ஜல்லிக்கு நன்றாகச் சலித்த எம்-சாண்ட். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மருந்துச் சொட்டுக்குழாயால் மணல்மேல் விட வேண்டும். சோப்பு சேர்ந்தால்தான் பசை உள்ளே இறங்கும். இருபது மீட்டர்ப் பனைமரம் 23 சென்டிமீட்டர் வரும். ஆள் உயரம் 19 மில்லிமீட்டர். ஜெர்மனியின் பிரைசர் போன்ற நிறுவனங்களின் பொம்மை மனிதர்கள் கோட்டும் தொப்பியுமாக வருவார்கள். அவர்களுக்கு வேட்டியும் புடவையும் மெல்லிய தூரிகையால் கட்டிவிட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் கூட்டத்தை மஞ்சள் உடையிலும் காவடியோடும் பிளாட்பாரத்தில் நிறுத்தினால், அது எந்த நாட்டு நிலையம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

சேகரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் 1891-இல் அளவு வகுத்த தண்டவாளங்களோடு சாவி ரயில்களைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இதற்கென ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் இஞ்சினில் கிரீஸ் இறுகிவிடும். அவ்வப்போது ஓட்டத்தான் வேண்டும். ஓடும் மாதிரி உலகைப் பார்க்க விரும்பினால் புணேயில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

ஓட்டும்போது வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது எச்.ஓ.வில் வினாடிக்கு 35 சென்டிமீட்டர். அதாவது மணவூர்ப் பிளாட்பாரத்தை விரைவு வண்டி கடக்க ஒன்பது வினாடி ஆக வேண்டும். முழு வோல்ட் கொடுத்தால் இதைவிட வெகுவேகமாகப் பறக்கும், ரயில் பொம்மையாகிவிடும். கைதேர்ந்தவர்கள் கால அட்டவணை வைத்தே ஓட்டுகிறார்கள். அதற்குக் கடிகாரத்தையும் முடுக்கிவிடுவார்கள். ஆறு மடங்கு வேகத்தில் முடுக்கினால் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் போய்விடும், ஒரு நாள் முழுவதும் நான்கு மணி நேரத்தில். அரக்கோணத்தில் புறநகர் வண்டி சற்றுத் தாமதமாகப் புறப்பட்டால், பின்னால் வரும் விரைவு வண்டிக்கு எங்கே வழிவிடுவது என்று நீங்கள்தான் முடிவெடுத்துப் பாயின்ட்டைத் திருப்ப வேண்டும்.