சீதோஷ்ணமும் மரத்தின் உருவமும்

ஒரு மரத்தின் இலை, தண்டு, வேர் ஆகியவை அது தோன்றிய நாட்டின் சீதோஷ்ணத்திற்கு இசைந்தே அமைகின்றன. பொதுப்பணத்தில் மரக்கன்றுகள் வாங்கும் ஐக்கிய சங்கத்தார் இவ்வுண்மையை அறிந்திருத்தல் அவசியம்.

1835-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை விவசாயத் தோட்டக்கலைச் சங்கம், கோபாலபுரத்தை அடுத்த கதீட்ரல் சாலையில் தோட்டம் அமைத்து அயல்நாட்டுச் செடிகள் பலவற்றை வளர்த்தது. அந்நிலத்தின் ஒரு பகுதியில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அயல்நாட்டு மரங்கள் பல இந்நகரில் செழித்து வளர்ந்தன. எனினும், வளர்தல் வேறு, நிலைத்தல் வேறு.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 55 அங்குலம் மழை பெய்கிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 3 மாதங்களிற் பெய்துவிடுகிறது. ஆகவே இக்கரையோரத்து மரம் கோடையின் வறட்சி, மாரியின் புயல் ஆகிய இரண்டையும் தாங்க வேண்டும்.

கிண்டியில் எஞ்சியுள்ள பழைய காட்டு மரங்கள் பலவற்றின் இலைகள் சிறுத்துத் தடித்தவை; நீர் ஆவியாதலை அவை குறைக்கின்றன. அம்மரங்கள் நெடிதுயராமல் நெருங்கி நிற்பதால் காற்றின் வேகமும் தணிகிறது. சவுக்கில் இலையென எண்ணப்படுவது பச்சைக் குச்சியே. மெய்யான இலை அதன் கணுக்களிற் சிறு செதிலாகச் சுருங்கியுள்ளது. பனைக்குக் கிளையில்லை, நார் செறிந்த தண்டு காற்றுக்கு வளைந்து கொடுக்கிறது.

மடகாஸ்கர் தீவினின்று வந்த செம்மயிற்கொன்றை, இலையுதிர்த்து வறட்சியைத் தாங்கும். ஆனால் அதன் தலை அகன்றது, கட்டை வலிவற்றது, வேர் பெரும்பாலும் மேலாகப் பரவுவது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் இவ்வித மரங்கள் பல.

ஒரே இனத்து மரமும் இடத்திற்கேற்ப மாறும். நிழலில் வளர்ந்த கன்றின் இலை அகன்று மென்மையாயிருக்கும். வெயிலில் வளர்ந்ததன் இலை சிறுத்துத் தடித்திருக்கும். ஆதலால் நிழலில் வளர்ந்த கன்றை நேரே வெட்டவெளியில் நட்டால் இலை கருகும். சில வாரம் சிறிது சிறிதாக வெயிலிற் பழக்கி, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடுதலே முறை.

ஏரிக்கரைக்குப் பனையும், சாலையோரத்திற்கு வேம்பும் புங்கமும் ஏற்றவை. வேறு மரம் வேண்டுவோர் பூவின் அழகை மட்டும் நோக்காது, அம்மரம் எந்நாட்டது, வேர் எவ்வாறு செல்லும், தலை எவ்வளவு விரியும் என விசாரித்த பின்னரே சங்கப் பணத்தைச் செலவிடுதல் வேண்டும். புயலில் மரம் சாயின், பல்லாண்டு உழைப்பு வீணாவதோடு அருகிலுள்ள வீட்டுக் கூரைக்கும் சேதம் நேரும்.